சொன்னது பரலோகத்தைப் பற்றியா, மனையைப் பற்றியா? சபையை விட்டு வந்தவர் வழக்குப் போட முடியுமா?

காசிமேட்டில் எங்கள் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் போன மாதம் ஒரு மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தார். பையைத் தரையில் கவிழ்த்தார். பதினொரு காணிக்கை அட்டைகள். வருடத்துக்கு ஒன்று, மடித்தால் பேங்க் பாஸ்புக் அளவு இருக்கும். உள்ளே பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி என்று மூன்று வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் தொகை, பக்கத்தில் பாஸ்டரம்மாவின் சின்னக் கையெழுத்து. இரண்டு மூன்று அட்டைகளில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. ஏலம் முடிந்த கையோடு போய்க் கட்டியிருக்கிறார்.

"பதினோரு வருஷம்பா. உள்ள போவசொல்ல ஒண்ணு சொன்னாங்க, போனப்புறம் வேற ஒண்ணு சொன்னாங்க. இத்த வச்சி கேஸ் போட முடியுமா?"

நான் வக்கீல் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சில வருடம் தன்னார்வலராக இருந்தபோது கற்றுக்கொண்டது கொஞ்சம், வக்கீல் நண்பர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறவன்தான் நானும். இராயப்பர் பெயரைத் தாங்கி நிற்கும் இராயபுரத்தை ஒட்டி வளர்ந்தவனுக்குச் சபை என்றால் கல்யாணமும் அங்கே, சாவும் அங்கே. அதை விட்டு வெளியே வருகிறவர் பாதி உறவையும் விட்டுவிட்டுத்தான் வருகிறார். அதனால் அக்காவிடம் "விடுக்கா, போனது போச்சு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதே கேள்வி தொண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் பலர் மனதில் இருக்கிறது. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

"சபை என்னை ஏமாற்றிவிட்டது" என்று மொத்தமாகச் சொன்னால் நீதிமன்றத்தில் அது நிற்காது. சபையில் உங்களிடம் என்னென்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு வாக்கியமாகப் பிரிக்க வேண்டும். சில வாக்கியங்களை எந்த நீதிமன்றமும் தொடாது. சிலவற்றை நிச்சயம் தொடும். அக்காவிடம் அப்படித்தான் கேட்டேன். யோசித்து யோசித்து நான்கு சொன்னார். இந்தச் சபையில் இருப்பவர்களை மட்டும்தான் ஆண்டவர் தம் வருகையில் எடுத்துக்கொள்வார் என்பது ஒன்று. சேரும்போது "நாங்களும் எல்லாச் சபையும் மாதிரிதான், பைபிள் மட்டும்தான் எங்களுக்கு வேதம்" என்றது ஒன்று. மீஞ்சூர் பக்கம் மனை பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கட்டட நிதி கொடுங்கள் என்றது ஒன்று. கடைசியாக, கழுத்தில் கிடந்த மூன்று சவரன் செயின். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அது பொய் என்று அக்கா இன்று நினைக்கிறார். நானும்தான். ஆனால் எந்த நீதிபதி அதைப் பொய் என்று தீர்ப்பு எழுதுவார்? யாரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்? நம் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தான் நம்பும் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. 26-ஆம் பிரிவு, மதப் பிரிவுகள் தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான். இந்த எல்லைக்குள் ஒருவர் சொல்லும் பரலோகம் உண்மையா என்று நீதிமன்றம் சோதிப்பதில்லை. இது சரிதான் என்பது என் எண்ணம். இன்று ஒரு சின்ன ஜெபவீட்டின் உபதேசத்தைப் பொய் என்று எழுதும் கை, நாளை பக்கத்துத் தெரு அம்மன் கோயிலையும் மசூதியையும் பற்றி எழுதும்.

அமெரிக்காவில் இது 1944-லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. பல்லார்டு என்ற குடும்பம், தங்களுக்குத் தெய்வீகச் செய்தி வருகிறது, தீராத நோயையும் தீர்க்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லித் தபால் மூலம் பணம் திரட்டியது. மோசடி வழக்கு. அந்தச் சக்தி உண்மையா என்று ஜூரி முடிவு செய்யக் கூடாது என்றது நீதிமன்றம். அதைச் சொன்னவர்களே மனப்பூர்வமாக நம்பினார்களா என்ற கேள்வியைத்தான் ஜூரியிடம் விட்டிருந்தார்கள். இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம்பி ஒரு தவறைச் சொல்பவர் ஏமாற்றுக்காரர் ஆகமாட்டார். தான் நம்பாததை அடுத்தவரை நம்ப வைத்துக் காசு வாங்குகிறவர்தான் ஏமாற்றுகிறார். நம் ஊர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் மோசடிக்கு இலக்கணம் சொல்லும்போது இதையே சொல்கிறது: உண்மையல்லாத ஒன்றை, அது உண்மை என்று தானே நம்பாத ஒருவர், உண்மை போலச் சொல்வது.

முன்னாள் உறுப்பினர்கள் இந்தச் சுவரில் மோதிப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையை விட்டு வந்த ஒருவர் 2014-இல் லண்டனில், அந்தச் சபையின் தலைவர்மேலேயே மோசடிச் சட்டத்தின் கீழ் சம்மன் வாங்கிவிட்டார். சபையின் போதனைகள் பொய், அதை நம்பி மக்கள் தசமபாகம் கொடுத்தார்கள் என்பது புகார். சில வாரத்தில் மூத்த நீதிபதி அந்தச் சம்மனை ரத்து செய்தார். 2019-இல் அதே சபையின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வழக்குப் போட்டார். சபை தோன்றிய வரலாற்றையே திரித்துச் சொன்னார்கள் என்றார். அது மதம் உண்மையா என்று கேட்பதில்தான் போய் முடியும், அதற்குள் நாங்கள் நுழைய முடியாது என்று 2020-இல் அந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் இந்தக் கோட்டின் பக்கத்தில்தான் நிற்கிறது. சொத்து, பதவி போன்ற உரிமை பற்றிய தகராறு என்றால், அதற்குள் மதச் சடங்கு பற்றிய கேள்வி இருந்தாலும் நீதிமன்றம் விசாரிக்கும். கேரளத்து மலங்கரை சபை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை விரிவாகவே பேசியது. உரிமை எதுவும் இல்லாமல் சடங்கு மட்டுமே கேள்வி என்றால் விசாரிக்காது.

ஆக, "வருகையில் எங்களை மட்டும்தான்" என்ற வாக்கியத்துக்கு வழக்கு இல்லை. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. வழக்கு இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்று சொன்னேன். பதினொரு வருடம் அம்மா வீட்டுக் கல்யாணங்களுக்குக்கூட போகாமல் இருந்தவர் அவர்.

இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். "பைபிள் மட்டும்தான் எங்களுக்கு வேதம்." மூன்றாவது வருடம்தான் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, அந்தச் சபையில் நிறுவனரின் பிரசங்கப் புத்தகத்தையும் வேதத்துக்குச் சமமாக வைக்கிறார்கள் என்று. ஞானஸ்நானம் வாங்கி, தசமபாகம் கொடுக்க ஆரம்பித்து, இரகசியக் கூட்டத்துக்குத் தகுதி வந்த பிறகுதான் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இது முதல் வாக்கியம் மாதிரி தெரியும், ஆனால் அப்படி இல்லை. நிறுவனரின் புத்தகம் தேவ வாக்கா என்று நீதிமன்றம் சொல்லாது. ஆனால் அந்தச் சபை அதைத் தேவ வாக்கு என்று போதிக்கிறதா இல்லையா என்பது பூமியில் நடக்கும் விஷயம். புத்தகம் அச்சில் இருக்கிறது, வகுப்பு எடுக்கிறார்கள், கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு போதனை உண்மையா என்பது வேறு, அது அவர்கள் போதனைதானா என்பது வேறு. பின்னதைச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். நம் நீதிமன்றங்களுக்கும் இது புதிது இல்லை. 1954-இல் மெட்ராஸ் அறநிலையத் துறை ஆணையருக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில், ஒரு மதத்துக்கு இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே கண்டறிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வேறு பிரச்சினைக்காகச் சொன்னது என்றாலும், ஒரு பிரிவினர் எதைப் போதிக்கிறார்கள் என்று பார்ப்பது நீதிமன்றம் செய்யக்கூடிய வேலைதான் என்று அதிலிருந்து தெரிகிறது.

யார் என்றே சொல்லாமல் ஆள் சேர்ப்பதற்கு எதிராக ஒரு வலுவான தீர்ப்பு கலிபோர்னியாவிலிருந்து வந்தது. 1979-இல் சான் பிரான்சிஸ்கோவில் பஸ் ஸ்டாப்பில் நின்ற மோல்கோ என்ற இளைஞரிடம் இரண்டு பேர் பேச்சுக் கொடுத்தார்கள். சமூக அக்கறையுள்ளவர்கள் சேர்ந்து வாழ்கிறோம், சாப்பிட வாருங்கள் என்றார்கள். மதத் தொடர்பு உண்டா என்று அவர் கேட்டே இருக்கிறார். இல்லை என்றார்கள். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். நாள் கணக்கில் வகுப்பு, பாட்டு, தனியாக ஒரு நிமிடம்கூட விடாமல் கூடவே ஆள். அது கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதக்குழு என்று அவருக்குத் தெரிந்தபோது மனம் ஏற்கனவே இளகிவிட்டிருந்தது. அப்புறம் 6,000 டாலர் காணிக்கையும் கொடுத்தார். வெளியே வந்து வழக்குப் போட்டார். 1988-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், உங்கள் நம்பிக்கையை நாங்கள் விசாரிக்கவில்லை, நீங்கள் யார் என்பதை மறைத்து ஆள் சேர்த்ததை விசாரிக்கலாம் என்று சொல்லி, மோசடிக் குற்றச்சாட்டை மேலே நடத்த அனுமதித்தது. காணிக்கையைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கைக்கும் வழி விட்டது. எனக்குத் தெரிந்து நம் பக்கத்துப் பிள்ளைகளையும் "ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்" என்று கூப்பிட்டுக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்தச் சபை என்று கேட்டால் "எந்தச் சபையும் இல்லை தம்பி, சும்மா பைபிள் படிக்கிறோம்" என்பார்கள். பெயரைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

நம் ஊரில் இதற்கு எந்தச் சட்டத்தைப் பிடிப்பது? சபையில் சேர்வது ஒப்பந்தம் இல்லை. காணிக்கை என்பது தானம். தானத்துக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு இருக்கிறது. பெரும்பாலோர் கேள்விப்படாத பிரிவு. கொடுத்த தானத்தை மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் எந்தக் காரணங்களுக்காக ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமோ, அந்தக் காரணங்கள் இருந்தால் தானத்தையும் ரத்து செய்யலாம் என்கிறது அது. பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற காரணம் மட்டும் செல்லாது. அதாவது மோசடியில் பறித்த தானம், அழுத்தி வாங்கிய தானம், இரண்டையும் கேள்வி கேட்கலாம். ஒப்பந்தச் சட்டம் மோசடி என்று சொல்வதில், தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மூடி மறைப்பதும் அடங்கும்.

ஆனால் அக்காவின் விஷயத்தில் இங்கே ஓர் ஓட்டை. மூன்றாவது வருடமே தெரிந்துவிட்டதே? அதற்கப்புறம் எட்டு வருடம் கொடுத்திருக்கிறாரே? "தெரிந்துதானே கொடுத்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். சேரும் புதிதில் எளிய போதனை, பக்குவம் வந்த பிறகு ஆழமான போதனை, முதலில் பால் அப்புறம் பலமான ஆகாரம் என்று பவுலே சொல்லியிருக்கிறார் என்றும் சொல்வார்கள். முதல் மூன்று வருடக் காணிக்கையைப் பற்றி மட்டும் வேண்டுமானால் பேசலாம், அதற்கும் காலக்கெடு தாண்டிப் போய்விட்டது. இதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன்.

மனைக்கு வருவோம். மூன்று வாக்கியத்திலும் சட்டத்துக்குப் பிடி கிடைப்பது இதில்தான். "மீஞ்சூர் பக்கம் மனை பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்பதில் பரலோகம் எதுவும் இல்லை. மனை இருக்கிறதா, அட்வான்ஸ் கொடுத்தார்களா, ரசீது எங்கே? மேடையில் நின்று வேத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாலும் அது நிலத்தைப் பற்றிய பேச்சுதான். அக்கா நான்கு வருடம் மாதம் 500 ரூபாய் கட்டட நிதிக்கு என்று தனிக் கட்டத்தில் கொடுத்திருக்கிறார், 24,000 ரூபாய். அட்டையில் "கட்டட நிதி" என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். எதற்காக வாங்கினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

இதில் இரண்டு வழி. போலீஸ் வழியாகப் போனால் ஏமாற்றுதல், அதாவது பழைய 420. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. அதற்கு முன்பு நடந்த செயலுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆனால் சொன்னபடி கட்டவில்லை என்பதாலேயே அது ஏமாற்று ஆகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. உண்மையிலேயே மனை பார்த்து, விலை படியாமல் நின்றுபோய், பணம் பேங்கில் பத்திரமாகக் கிடந்தால் அது குற்றம் இல்லை. பார்க்காத மனையைப் பார்த்ததாகச் சொன்னது தெரிந்தால் கதை வேறு.

இன்னொன்று சிவில் வழி. சபை பொது அறக்கட்டளையாக நடக்கிறது என்றால், அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி வாங்கி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் கணக்கு கேட்டு வழக்குப் போடலாம். நிர்வாகியை நீக்கவும் கேட்கலாம். வெளியே வந்துவிட்டவரிடம் "உனக்கு இனிமேல் இதில் என்ன அக்கறை" என்பார்கள். அதனால் உள்ளே இருப்பவர்களில் மனம் நொந்த இரண்டு பேர் சேர்ந்தால் பலம். வடசென்னையில் பல ஜெபவீடுகளில் இது நடைமுறையில் கஷ்டம், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரே சபை மூப்பராக இருப்பார், மூப்பரின் மகளைத்தான் உங்கள் தம்பி கட்டியிருப்பார்.

பண விஷயம் என்றாலே ஜெயிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மறுபடியும் மார்மன் சபைதான். ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற முன்னாள் உறுப்பினர், தசமபாகப் பணத்தை ஷாப்பிங் மால் கட்டப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பயன்படுத்தினார்கள் என்று 2021-இல் வழக்குப் போட்டு 50 லட்சம் டாலர் திருப்பிக் கேட்டார். 2023-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில் இரண்டு பேர் அவர் பக்கம் நின்றார்கள். 2025 ஜனவரியில் பெரிய அமர்வு முழுவதுமாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சேமிப்பு நிதியிலிருந்து வந்த வருமானத்தைத்தான் பயன்படுத்துவோம் என்று சபை முன்பே சொல்லியிருந்தது, சொன்னதில் பொய் இல்லை என்றார்கள். சபை பணத்தைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், பாஸ்டர் சரியாக என்ன வார்த்தை சொன்னார் என்பது முக்கியம். "மனை பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதற்கும் "அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்பதற்கும் நடுவில்தான் வழக்கே இருக்கிறது.

இப்போது செயின். அக்காவின் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேறி வந்திருக்கிறார். தேறிய வாரத்தில் பாஸ்டர் வீட்டுக்கு வந்து, பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்யாவிட்டால் தன் ஜெபத்தை எடுத்துவிடுவேன், எடுத்தால் நோய் திரும்ப வரும் என்று சொல்லியிருக்கிறார். யாரிடமும் இதைப் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போது கை தானாகக் கழுத்துக்குப் போனது.

இதில் போதனை உண்மையா என்ற கேள்வியே எழாது. ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒருவர் மனத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இன்னொருவர் இருந்து, அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமில்லாத ஆதாயம் அடைந்தால் அதைத் தகாத செல்வாக்கு என்கிறது. அந்தப் பரிமாற்றம் மேலோட்டமாகப் பார்த்தாலே அநியாயம் என்று தெரிந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். பாஸ்டர், குரு, சாமியார், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். 1890-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வயதான இந்து ஒருவர், தன் ஆன்மா கரையேறும் என்று நம்பி, சொத்து முழுவதையும் தன் குருவுக்கு எழுதிவைத்துவிட்டார். அந்தத் தானத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆன்மா கரையேறுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. குரு என்ற இடத்தில் இருந்து வாங்கினார், அது போதும்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1887-இல், இங்கிலாந்தில் ஒரு கன்னியாஸ்திரீயின் வழக்கு. ஏழைகளுக்காக ஊழியம் செய்யும் ஆங்கிலிக்கன் சகோதரிகள் மடத்தில் சேர்ந்து, தன் சொத்தை எல்லாம் மடத் தலைவியிடம் கொடுத்தார். மேலதிகாரியைக் கேட்காமல் வெளியாள் யாரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது அந்த மடத்தின் விதி. 1879-இல் வெளியே வந்தவர் 1885-இல்தான் வழக்குப் போட்டார். இப்படி ஒரு விதிக்குக் கீழே கொடுத்த தானத்தை ரத்து செய்ய உரிமை உண்டு என்று நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டீர்களே என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். யாரிடமும் பேசாதே என்று சொல்லி வாங்குவது அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

குற்றவியல் சட்டத்திலும் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 508, இப்போது 354. தன் செயலால் தெய்வக் கோபம் உன்மேல் வரும் என்று நம்பவைத்து, சட்டப்படி செய்யத் தேவையில்லாத ஒன்றைச் செய்ய வைப்பது குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் "தன் செயலால்" என்பதைக் கவனியுங்கள். தசமபாகம் கொடுக்காதவனைக் கடவுள் தண்டிப்பார் என்று பிரசங்கம் பண்ணுவது இதில் வராது, அது போதனை. "நான் ஜெபத்தை எடுத்துவிடுவேன், உனக்கு வரும்" என்று ஒரு வீட்டுக்குள் வந்து ஒரு பெண்ணிடம் சொல்வது இந்தப் பிரிவின் வாசலில் வந்து நிற்கிறது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று அக்காவின் பையன் கேட்டான். காணிக்கை ஒரு சேவைக்குக் கொடுத்த கட்டணம் இல்லை, அதனால் அந்தப் பக்கம் அலைய வேண்டாம். மதமாற்றத் தடைச் சட்டத்தைப் பற்றியும் கேட்டான். தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவந்தார்கள், 2004-லேயே நீக்கப்பட்டது. இருந்தாலும் இந்தச் செயினுக்கு அது உதவியிருக்காது.

காலக்கெடுவை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். இந்த மாதிரி சிவில் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று வருடம். மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ணுவார்கள். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அது. மனை இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. செயின் கொடுத்து இரண்டு வருடம் மூன்று மாதம். வெளியே வந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தை அழுதே கழித்துவிடுகிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சட்டம் காத்திருப்பதில்லை.

ஆதாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள், மேலே எதுவும் எழுதாதீர்கள். பாஸ்டர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். செயினுக்கு நகைக்கடை பில் அக்காவிடம் இல்லை. ஆனால் பெரியவள் மஞ்சள் நீராட்டு ஆல்பத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ இருக்கிறது, எடுத்து வையுங்கள் என்றேன். கோபத்தில் சபைப் பெயரைப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர்கள் அவதூறு வழக்கு என்று திருப்பினால் நம் வழக்கு பின்னால் போய்விடும்.

செலவுதான் அக்காவுக்குப் பெரிய பயம். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் வழக்குத் தொகையில் 3 சதவீதம். 24,000 ரூபாய்க்கு 720 ரூபாய். வக்கீல் பீஸ் தனி. ஆனால் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலையும் அவர்களே நியமிப்பார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேட்டால் போதும், போகும் முன் 15100 என்ற எண்ணுக்குப் பேசியும் பார்க்கலாம். காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறினால் பாரிமுனை. அந்தச் சிவப்புக் கட்டடத்தின் கோபுர உச்சியில் 1894-இலிருந்து பல பத்தாண்டுகள் கலங்கரை விளக்கு எரிந்தது. எங்கள் தாத்தா காலத்துக் கட்டுமரக்காரர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தார்கள். உள்ளே போக நமக்கு என்ன பயம்?

முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மனை விவரம், வரவு செலவு, செயின் மூன்றையும் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். அக்கா தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்தார். கட்டட நிதி எழுதிய நான்கு அட்டைகளுக்கு ஒரு ரப்பர் பேண்டு. மற்றவை ஒரு பக்கம். எல்லாவற்றிலும் பழைய அட்டை ஒன்று கையில் மீந்தது. அதன் பின்பக்கம் அவருடைய ஞானஸ்நான தேதி, எண்ணூர் கடற்கரை என்று எழுதியிருந்தது.

"இது எதுல சேரும்பா?"

எதிலும் சேராதுக்கா என்றேன். அதை மட்டும் தனியாக மடித்து இடுப்புப் பர்ஸில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஏலம் முடிந்ததும் பத்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, மற்ற அட்டைகளை மஞ்சப்பையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.